வௌவால் பூவுக்குத் தண்ணீர் ஊற்றியவள்

“பணியிடம்: நீர் ஊற்றுநர், நிழற்கூடம். கல்வித் தகுதி: தேவையில்லை. கடமை: பொறுப்பில் உள்ள தொட்டிகள் அனைத்துக்கும் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் நீர் ஊற்றி, அட்டவணையில் குறியிடுதல். மேலதிகாரியின் குறிப்பு: சொன்னதைச் சொன்னபடி செய்பவர். சுயமாக யோசிக்கும் பழக்கம் இல்லாதவர். தாராளக் கை உடையவர்.”

தாவரத் தோட்டத்தின் ஊழியர் பதிவேட்டில் அவளைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். எழுத்துப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. மற்றபடி எல்லாமே பிழை.

தோட்டத்தில் அவளுக்குச் ‘சொட்டு’ என்று பெயர். குடியிருந்த தெருவிலும் அதே பெயர்தான். இரண்டு இடத்துக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, கலந்து பேசி வைத்த பெயரும் இல்லை. குழாயைச் சரியாக மூடாமல் போகிறவர்களின் பின்னாலேயே போய் மூடுவாள் என்பதால் தோட்டத்தில் வந்தது. கட்டிய புருஷனுக்கே தண்ணீரை அளந்து கொடுக்கிறவள் என்பதால் தெருவில் வந்தது. முதல் காரணம் பாராட்டு. இரண்டாவதைச் சொல்லும்போது தெருக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவள் காதில் விழும் அளவுக்கு மட்டும்.

புருஷன் தனியார் பேருந்தில் நடத்துனராக இருந்தவன். இருபத்திரண்டு வருடம் ஊரையே ‘உள்ள போ, உள்ள போ’ என்று அதட்டியவனுக்கு, ஒரு நாள் உடம்புக்குள் போன தண்ணீர் வெளியே வர மறுத்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் எந்திரத்தோடு நாலு மணி நேரம் கட்டிப் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பேருந்து முதலாளி ஒரு மாலையும் ஒரு கடிகாரமும் கொடுத்துத் தலைமுழுகிவிட்டார். எந்திரத்துக்கு வழி செய்தது அவளுடைய வேலைதான். தோட்ட ஊழியரின் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. அட்டை இருக்கிறவரை எந்திரம், எந்திரம் இருக்கிறவரை அவன். இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எந்திரப் பிரிவு நர்ஸ் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“ஒரு நாளைக்கு முக்கா லிட்டர்க்கா. அதுக்கு மேல ஒரு வாய் கூட கிடையாது. டீ, மருந்து முழுங்கற தண்ணி, வாய் கொப்பளிக்கும்போது தெரியாம உள்ள போச்சும்பாங்க பாரு அந்தத் தண்ணி, எல்லாம் சேத்துத்தான்.”

“அதிகமாப் போனா?”

நர்ஸ் அவனுடைய முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கி எடுத்தாள். சதையில் ஒரு குழி விழுந்து அப்படியே நின்றது. “பாத்தியா? குழி உடனே ரொம்பினா நல்லது. நின்னுச்சுன்னா உள்ள தண்ணி தேங்குது. கால்ல தேங்கினா செருப்பு போகாது. நெஞ்சுல தேங்கினா ஆளே போயிடும். தெனமும் அமுக்கிப் பாத்துக்க.”

தோட்டத்தில் திரவ உரம் அளக்கும் பிளாஸ்டிக் குவளை ஒன்று உண்டு, சரியாகக் கால் லிட்டர் பிடிக்கும். அதே மாதிரி புதிதாக ஒன்றை எடுத்துவந்து வீட்டில் வைத்தாள். நாளுக்கு மூன்று குவளை. காலை எட்டு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, படுக்கும் முன் ஒன்று. நடுவில் நாக்கு வறண்டால் உதட்டில் ஈரத் துணி. வேலைக்குப் போகும்போது சமையல் மேடைக் குழாயின் கைப்பிடியைத் திருகிக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போவாள். குடத்தையும் சொம்பையும் அலமாரியில் பூட்டிவிட்டு, நாலு மணிக் குவளையை மட்டும் வெளியே வைத்துவிட்டுத்தான் போவாள். அது பத்தரைக்கே காலியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

அவன் படுக்கை தெருப் பக்க ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னல் கம்பியில் பழைய நடத்துனர் விசில் தொங்கியது. தாகம் எடுத்தால் விசில் அடிப்பான். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். தண்ணீருக்கு மூன்று. தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

“என்னண்ணே, வேணுமா?”

“ஒண்ணுமில்ல தம்பி. உள்ள ஒரு பொம்பள ஒருத்தனத் தாகத்துல சாகடிச்சிட்டிருக்கா. நீ போ, உனக்கு லேட்டாகும்.”

அவள் உள்ளேயிருந்து பாத்திரம் கழுவியபடியே, “டிக்கெட் வாங்காதவங்க எல்லாம் எறங்கலாம்,” என்பாள். இது ஒரு குடும்பம். இப்படியே ஒரு வருடம் ஓடியது.

அப்போதுதான் நிழற்கூடத்துக்குச் செடிகள் வந்தன. வேறொரு நாட்டுத் தோட்டம் அன்பளிப்பாக அனுப்பியவை, ஐந்து. மழைக்காட்டின் அடி நிழலில் வளரும் வௌவால் பூச்செடி. இலை அகலமாக, கரும்பச்சையாக, மடிப்புக் கலையாத துணிபோல இருக்கும். பூ கறுப்பு. கறுப்பாகப் பூப்பது உலகத்திலேயே அபூர்வம் என்பதால், அதைப் பூக்கவைக்கிறவருக்கும் அபூர்வமான எதிர்காலம் உண்டு என்று தோட்டத்தின் கண்காணிப்பாளர் நம்பினார்.

கண்காணிப்பாளர் படித்தவர், நல்லவரும்கூட. படிப்பும் நல்ல குணமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் செடிக்கு ஆபத்து. அவர் யோசித்தது இப்படி: இது மழைக்காட்டுச் செடி, மழைக்காட்டில் எப்போதும் மழை, ஆகவே எப்போதும் ஊற்ற வேண்டும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தொட்டியில்தான் ஓட்டை போதவில்லை. காட்டில் மழை மேலேயிருக்கும் ஆயிரம் இலைகளில் தட்டி, சொட்டிச் சொட்டி இறங்கி, மக்கிய சருகுக்குள் நிற்காமல் வழிந்துவிடும் என்பதும், அங்கே ஈரமாக இருப்பது மண்ணைவிடக் காற்று என்பதும், அவர் படித்த புத்தகத்தின் அடுத்த அத்தியாயத்தில் இருந்தன.

“செடிக்கு ஒரு லிட்டர். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மறக்கக்கூடாது, என்ன?”

“சரிங்க சார்.”

அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். பதிவேடு அவளைப் பற்றி உண்மை பேசிய காலம் அந்த நான்கு மாதம் மட்டும்தான். முதல் செடி துவண்டது. கண்காணிப்பாளர் வாசலில் நின்றபடியே பார்த்தார். கூடத்துக்குள் வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது என்பதால், அவர் எப்போதும் வாசல் வரைக்கும்தான்.

“பாரும்மா, எப்படித் தவிச்சுக் கெடக்கு! தாகம். இன்னும் அரை லிட்டர் சேத்து ஊத்து.”

சேர்த்து ஊற்றினாள், செத்தது. இரண்டாவதற்கு ஒன்றரையிலேயே தொடங்கினாள், அது சீக்கிரமே செத்தது. ஒவ்வொரு சாவுக்கும் அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மூன்றாவது செத்தபோது வந்த கடிதத்தில் விளக்கம் கேட்கவில்லை. இன்னொரு செடி போனால் வேலையிலிருந்து நீக்கப்படுவாய் என்று மட்டும் இருந்தது. அவள் கடிதத்தை நான்காக மடித்து, பையில் மருத்துவ அட்டை இருந்த அதே உறையில் வைத்தாள். இனி இரண்டும் ஒன்றுதான்.

செத்த மூன்றாவதைத் தொட்டியிலிருந்து கவிழ்த்தாள். கிழங்கு, தண்ணீரில் ஊறிக் கிடந்த சோப்புக் கட்டிபோலக் கையில் வழிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உயிரோடு இருந்த நான்காவதன் இலையும் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தது. அதன் மண்ணில் கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுத்தாள். குழி விழுந்தது, மூடவில்லை. அடியில் தண்ணீர் பளபளத்தது. அன்று காலையில்தான் வீட்டில் இதே மாதிரி ஒரு குழியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

வீட்டில் பார்த்த குழிக்குக் காரணம் நாத்தனார். புருஷனின் தங்கை, அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவள். வாரத்துக்கொரு முறை வருவாள், வரும்போதெல்லாம் பெரிய கைப்பை. அவள் வந்துபோன மறுநாளெல்லாம் எந்திரப் பிரிவின் எடைமேடையில் அவன் இரண்டு கிலோ ஏறியிருப்பான். இரண்டு கிலோ பாசம். எந்திரம் அதை உறிஞ்சி எடுப்பதற்குள் கால் நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டு அவன் கத்துவான்.

அடுத்த முறை நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, சொட்டு குறுக்கே நின்றாள்.

“பையக் குடு.”

“எதுக்கு அண்ணி?”

“கனமா இருக்கே, நான் வெச்சிக்கறேன்.”

“பரவால்ல அண்ணி, எனக்குப் பழக்கம்.”

பை இரண்டு பக்கமும் இழுபட்டது. தலைமுடிக் கிளிப்பு, சீப்பு, பேருந்துச் சீட்டுகள், கடைசியாக ஒரு லிட்டர் பாட்டில் உருண்டு தரையில் விழுந்தது. உள்ளே பனிக்கட்டி மிதந்தது.

“என் அண்ணன் கெஞ்சறாரு அண்ணி! ஒரு மனுஷன் தண்ணிக்குக் கெஞ்சறத எப்படிப் பாத்துட்டு இருக்கறது? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?”

“இருக்கற ஈரமெல்லாம் அவர் நெஞ்சுலதான் இருக்கு. அதத்தான் வாரத்துக்கு மூணு தடவ எடுக்கறாங்க.”

உள்ளேயிருந்து மூன்று விசில். “தங்கச்சி! விட்றாத! ரைட், ரைட்!”

சொட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், அவன் பார்க்கும்படியே கழுவுதொட்டியில் கொட்டினாள். பாதி பாட்டில் போனதும் அவன் சொன்னான்: “கொட்றப்பகூட மெதுவாக் கொட்டுடி. சத்தமாவது கேட்டுக்கறேன்.” அவள் குழாயின் கைப்பிடியைக் கழற்றினாள்.

மறுநாள் முதல் நிழற்கூடத்தில் அவள் வேலையே வேறு. கண்காணிப்பாளர் வாசலில் நின்று பார்ப்பது ஒன்றைத்தான்: வாளி நிரம்பி உள்ளே போக வேண்டும், காலியாகி வெளியே வர வேண்டும். போனது, வந்தது. அட்டவணையில் இரண்டு குறியும் விழுந்தன. உள்ளே அவள் வாளியைத் தரைச் சரளையிலும் செங்கல் சுவரிலும் வீசிக் கொட்டினாள். கூடம் முழுக்க ஆவி எழுந்தது. கண்காணிப்பாளரின் கண்ணாடி வாசலிலேயே மங்க ஆரம்பித்ததால் அவர் இன்னும் இரண்டடி பின்னால் நின்றார். செடிக்கு இதைவிட என்ன பாக்கியம் வேண்டும்?

மீதியிருந்த இரண்டு செடிகளையும் முன் மேடையின் வெளிச்சத்திலிருந்து தூக்கி, பின்வரிசை மேடைக்கு அடியில், பகலிலும் படிக்க முடியாத இருட்டில் வைத்தாள். பழைய களிமண்ணை உதறிவிட்டு, மரப்பட்டைத் துண்டு, மக்கிய சருகு, கரித்துண்டு, பருமணல் என்று கைக்குக் கிடைத்ததைக் கலந்து, தொட்டியில் கூடுதலாக ஐந்து ஓட்டை போட்டு நட்டாள். உதறிய மண்ணைச் சாப்பாட்டு டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோனாள். காற்று போக வரச் சுவரின் கீழ் ஜன்னல் ஒன்றைக் கல் வைத்துத் திறந்து விட்டாள். அந்த வழியாக நத்தை வந்தது. நத்தைக்கு இந்த இலை என்றால் உயிர். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செருப்பால் நசுக்கினாள். நசுக்கும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் என்று கூடத்தைப் பெருக்க வருகிறவள் சொல்வாள்.

தண்ணீர் கொடுப்பதற்கு விரல்தான் அளவு. இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் உரக் குவளையில் ஒரு குவளை. ஊற்றிய நாளுக்கு மேடையின் அடிப்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. வெயில் காலத்தில் நாலு நாளைக்கு ஒரு கோடு விழுந்தது. குளிர் வந்ததும் செடி வளர்வதை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தது, அவளும் சும்மா இருந்தாள், பத்து நாளைக்கு ஒரு கோடு. வெளியே அட்டவணையில் நாளுக்கு இரண்டு குறி தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

செடிகள்மேல் அவளுக்குப் பாசமா என்றால், கிடையவே கிடையாது. மாற்றி நட்ட பதினான்காம் மாதம் முதல் பூ விரிந்தபோது, “த்தூ, என்ன கண்றாவி இது,” என்றுதான் சொன்னாள். நியாயம்தான். கறுப்பாக இரண்டு இறக்கை, நடுவில் கறுப்பு மொக்குகள், அவற்றின் கீழே முழங்கை நீளத்துக்குத் தொங்கும் மீசைகள். துக்கம் கேட்க வந்தவர் எழுந்துபோக மறந்துவிட்டதுபோல இருந்தது. ஊர் திரண்டு வந்து பார்த்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். கண்காணிப்பாளர் பூவுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் படத்தில் அவருக்குக் கண் இல்லை.

ஐந்து மாதத்தில் அவருடைய கைப்புத்தகம் வந்துவிட்டது: ‘வௌவால் பூ வளர்ப்பு: எளிய முறை’. பத்தொன்பது மாத அட்டவணையை அப்படியே ஆதாரமாக வைத்து எழுதியது. நாள்தோறும் காலையில் ஒரு லிட்டர், மாலையில் ஒரு லிட்டர், ஒரு வேளைகூடத் தவறாமல். துவண்டால் அரை லிட்டர் கூடுதல். முன்னுரையில் ‘நீர் ஊற்றுநரின் இடைவிடாத உழைப்புக்கு’ நன்றி சொல்லியிருந்தார். புத்தகத்துக்கு ஒரு பரிசும் கிடைத்தது. அவள் சொன்ன பொய் ஒன்று அச்சேறி, அட்டை போட்டு, மேடை ஏறி மாலையும் வாங்கியது. இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் உண்மைக்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

புத்தகத்தை மேலிடத்தில் ஒருவர் முழுவதும் படித்ததுதான் விபத்து. படித்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: தினமும் இரண்டு வேளை ஒரே அளவு ஊற்றுவதுதான் முறை என்றால், அதற்கு ஒரு ஆள் எதற்கு?

கண்காணிப்பாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து மெல்லிய குழாய்கள்.

“உன்னோட அட்டவணைய அப்படியே இதுல ஏத்தியாச்சும்மா. நீ எப்படி ஊத்தினியோ அப்படியே ஊத்தும். உனக்குப் பெருமைதானே?”

“என் வேலை, சார்?”

“பணியிடம் எடுத்துட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். ஆனா நல்லபடியா அனுப்பறோம். அந்தப் பழைய கடிதமெல்லாம் கிழிச்சாச்சு, இப்ப உன் பேர்ல ஒரு கரும்புள்ளி கிடையாது. அதனால கார்டு இன்னும் ஆறு மாசம் ஓடும். ஏதாவது தப்புல வெளிய போயிருந்தா அன்னிக்கே போயிருக்கும், தெரியுமில்ல?”

தெரியும். நான் ஊற்றவே இல்லை என்று சொன்னால் செடி பிழைக்கும். பத்தொன்பது மாதப் பொய்க் குறிக்காக அன்று மாலையே அட்டை போகும். சொல்லாவிட்டால் செடி சாகும், ஆஸ்பத்திரி எந்திரம் ஆறு மாதம் ஓடும். ஆறு மாதம் என்பது எழுபத்தெட்டு முறை. அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததை, கண்காணிப்பாளர் கைகட்டி நிற்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

“சரிங்க சார்,” என்றாள்.

நீர் ஊற்றும் எந்திரம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. சுயமாக யோசிக்கவில்லை. தாராளக் கை. பதிவேட்டில் எழுதியிருந்த ஊழியர் கடைசியில் ஒருவழியாக வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டார். பூக்களை எல்லோரும் பார்க்கட்டும் என்று தொட்டிகளையும் முன் மேடைக்கே மாற்றினார்கள். பின் மேடையின் அடியில் இருந்த சுண்ணக்கட்டிக் கோடுகளைக் குழாய் பொருத்த வந்தவன் பார்த்துவிட்டு, எவனோ கிறுக்கியிருக்கிறான் என்று ஈரத் துணியால் துடைத்தான். எட்டாவது வாரம் ஒரு செடி போனது. புத்தகத்தைப் படித்து வளர்த்த மற்றத் தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ‘தங்கள் முறைப்படியே செய்தும் அழுகிவிட்டது’ என்று எழுதியிருந்தவர்களுக்கெல்லாம் கண்காணிப்பாளர், ‘நீர் போதாமல் போயிருக்கும்’ என்று பொறுமையாகப் பதில் எழுதினார்.

நான்காம் மாதக் கடைசியில், அவரே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் செய்தித்தாள் சுற்றிய தொட்டி. அதில் கடைசிச் செடி. இலைகள் மஞ்சளடித்து, தொட்டி விளிம்பில் கழுத்தை வைத்துக் கிடந்தன.

அவள் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“என்ன சார், இப்படி ஆயிடுச்சு?”

“அதக் கேக்கத்தாம்மா வந்தேன். எந்திரம் நீ செஞ்சததான் செய்யுது. ஒரு சொட்டு கொறையல. நீ வேற ஏதாவது போட்டியா? உரம் கிரம்? மறைக்காமச் சொல்லு.”

பேசிக்கொண்டே அவள் தொட்டி மண்ணில் கட்டைவிரலை அமுக்கி எடுத்தாள். குழி நின்றது. மண்ணை மாற்றி, கெட்ட கிழங்கை வெட்டிக் கரித்தூள் தடவினால் பிழைக்கலாம். பத்து நாள் போனால் முடியாது.

“கார்ட இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் குடுங்க சார். செடிய நான் காப்பாத்திக் குடுக்கறேன்.”

“இல்லாத வேலைக்கு எப்படிம்மா கார்டு? திருப்பி உன்ன எடுக்கணும்னு எழுதினா, எந்திரம் செய்யாதத அந்தம்மா என்ன செஞ்சாங்கன்னு மேல கேப்பாங்க. நான் என்னன்னு எழுதறது? நீயே சொல்லு. அப்படியே எழுதறேன்.”

உண்மையிலேயே எழுதியிருப்பார். அவர் நேர்மையானவர், அதுதான் சிக்கல். அவள் வாயைத் திறந்தாள். அட்டையில் இன்னும் இருபத்தாறு முறை பாக்கி இருந்தது.

ஜன்னலோரத்திலிருந்து மூன்று விசில் கிளம்பியது.

“சார்! நான் சொல்றேன் சார்! அவ எங்க ஊத்தியிருக்கப் போறா? கட்டின புருஷனுக்கே நாளைக்கு மூணு குவளை! உங்க செடிக்கு மட்டும் லிட்டர் லிட்டராவா ஊத்துவா? என் தலைல அடிச்சு சத்தியம் பண்றேன், உங்க முதுகுக்குப் பின்னால எல்லாத்தையும் கீழ கொட்டியிருப்பா!”

கண்காணிப்பாளர் கட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

“நல்ல மனுஷன்மா உன் வீட்டுக்காரர்! ஒடம்பு இப்படி இருந்தும் தமாஷ் போகல பாரு.”

அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “நீங்க புஸ்தகத்துல எழுதியிருக்கற மாதிரியேதான் சார். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வாடினா அரை லிட்டர் கூட.”

அவர் நன்றி சொல்லிவிட்டு, செடியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு போனார். அவள் கட்டைவிரலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுவரில் தேய்த்துக்கொண்டாள்.

“பாத்தியா, உன் லட்சணத்த உங்க ஆபீஸர்கிட்டயே போட்டு ஒடச்சிட்டேன்,” என்றான் அவன்.

“கேட்டேன்.”

“அதுக்காவது ஒரு குவளை குடு.”

“நாலு மணிக்கு.”

அட்டை சொன்ன தேதியில் முடிந்தது. ஒரு சலவை நிலையத்தில் வேலை கிடைத்தது, அங்கே அட்டை கிடையாது. கைக்காசில் வாரம் ஒரு முறை என்று மூன்று வாரம் எந்திரம் ஓடியது. அவள் மூன்று குவளையை ஒன்றாகக் குறைத்தாள். அவனுக்கு விசிலுக்கு மூச்சுப் போதாமல் போயிற்று. நாலாவது வாரம் நர்ஸ் எந்திரப் பிரிவின் வாசல்வரை கூடவே வந்து, “இனிமே அளக்க வேண்டாம்க்கா, கேட்டதக் குடு,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குழாயின் கைப்பிடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டி, வீட்டிலேயே பெரிய சொம்பு நிறையப் பிடித்து வந்து அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள். மூன்றரை வருடமாகக் கேட்டது வாய்வரை வந்துவிட்டது. அவன் ஒரு வாய் குடித்தான்.

“கசக்குதுடி,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் மதியம் போய்விட்டான்.

நாத்தனார் சாவு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னாள்: “கடைசி வரைக்கும் எங்கண்ணனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல, பாவி!” தெரு தலையாட்டியது. இந்த முறை யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. கடைசிச் செடியும் அதற்கு முந்தைய மாதமே அழுகிவிட்டிருந்தது. செடிகளின் சாவு பற்றிய விசாரணை அறிக்கை, ‘முன்னாள் நீர் ஊற்றுநரின் அளவுக்கு எந்திரம் ஊற்றத் தவறியது’ என்று முடித்தது. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் நாளுக்கு மூன்று லிட்டர் என்று திருத்தியிருக்கிறார்கள்.

நீர் ஊற்றுநர் செய்தது இது. புருஷனுக்கு நாளுக்கு மூன்று குவளை அளந்து கொடுத்து, மூன்றரை வருடம் உயிரோடு வைத்திருந்தாள். இரண்டு செடிகளின் மண்ணிலும் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தால் ஒரு குவளை ஊற்றினாள். ஈரமாக இருந்தால் ஊற்றவில்லை. மீதியைத் தரையில் கொட்டிவிட்டு, ஊற்றியதாகக் குறி போட்டாள்.